குருதி வகையும் வைரஸ் தொற்றும்: ‘ஓ’ என்றால் தப்பலாமா? ‘ஏபி’ என்றால் பயப்பட வேண்டுமா?

கொரோனா காலத்தில் வன்னியில் அடிக்கடி காதில் விழுந்த பேச்சொன்று உண்டு. “எனக்கு ஓ பொசிட்டிவ், உந்தக் கொரோனா எனக்கு ஒண்டும் செய்யாது.” தடுப்பூசி போடும் இடத்துக்குப் போகாமல் இருப்பதற்கு இதையே காரணமாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். மாரி தொடங்கி டெங்கு பரவும்போது இதே பேச்சு மறுபக்கம் திரும்பிவிடும். “பிள்ளைக்கு ஏபி. ஏபிக்காரருக்கு டெங்கு வந்தால் கடுமையாம்” என்று தாய்மார் கலங்குவார்கள். இரண்டு செய்திகளும் வைபரிலும் வட்சப்பிலும் சுற்றி வருபவைதான். ஆனால் முழுப் பொய்யும் அல்ல. இரண்டுக்கும் பின்னால் மருத்துவ ஆய்வுகள் இருக்கின்றன. அந்த ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன, அவற்றை வைத்து ஒரு குடும்பம் எதைத் தீர்மானிக்கலாம், எதைத் தீர்மானிக்கக் கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

செங்குழியத்தின் மேலுள்ள அடையாளம்

குருதி வகைகளைக் கண்டறிந்தவர் ஒஸ்ரியாவின் வியன்னா நகரில் பணியாற்றிய கார்ல் லாண்ட்ஸ்டைனர். ஒருவருடைய குருதியை இன்னொருவருடைய குருதியுடன் கலந்தபோது சில வேளைகளில் அது திரள்வதையும் சில வேளைகளில் திரளாமல் இருப்பதையும் அவர் கவனித்தார். 1901 இல் மூன்று வகைகளை அறிவித்தார். நான்காவதான ஏபி வகையை அடுத்த ஆண்டு அவருடைய சகாக்கள் கண்டறிந்தனர். இதற்காக 1930 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போலியோ ஒரு வைரஸால் வருவது என்பதை 1908 இல் எர்வின் பொப்பருடன் சேர்ந்து காட்டியவரும் இதே லாண்ட்ஸ்டைனர்தான். குருதி வகை, வைரஸ் ஆகிய இரண்டிலும் அவருடைய பெயர் இருந்தாலும், இரண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கலாம் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான்.

குருதி வகை என்பது செங்குழியத்தின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் வெல்ல மூலக்கூறுகளின் சங்கிலி. நாம் தேநீருக்குப் போடும் சீனியின் உறவுக்காரர்கள் இவர்கள். எல்லோரிடமும் ஓர் அடிப்படைச் சங்கிலி இருக்கும். அதன் நுனியில் ஒரு விதமான வெல்லம் ஒட்டினால் ஏ. இன்னொரு விதமான வெல்லம் ஒட்டினால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. எதுவும் ஒட்டாமல் அடிப்படைச் சங்கிலி மட்டும் இருந்தால் ஓ. எதை ஒட்டுவது என்று தீர்மானிக்கும் மரபணு ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று அதன் இரண்டு பிரதிகள் எமக்குக் கிடைக்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எம்மிடம் இல்லாத அடையாளத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளை எமது உடல் குழந்தைப் பருவத்திலேயே உண்டாக்கி வைத்துவிடுகிறது. ஏ வகையினரிடம் பி-க்கு எதிரானவையும், பி வகையினரிடம் ஏ-க்கு எதிரானவையும், ஓ வகையினரிடம் இரண்டுக்கும் எதிரானவையும் இருக்கும். ஏபி வகையினரிடம் இரண்டுமே இருக்காது. பொருந்தாத குருதியை ஏற்றினால் ஆபத்தாவது இதனால்தான். வைரஸ் விடயத்திலும் இந்தப் பிறபொருளெதிரிகள் பின்னர் வரும்.

இலங்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் ஓ வகையினர். கால்வாசிக்குச் சற்று மேலானோர் பி. ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேலானோர் ஏ. ஏபி வகையினர் நூற்றுக்கு 5 அல்லது 6 பேர் மட்டுமே.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. இந்த வெல்ல அடையாளங்கள் குருதியில் மட்டும் இருப்பவை அல்ல. மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உட்சுவரிலும் இருக்கின்றன. உலகில் ஐந்து பேரில் நான்கு பேர் அளவில் இவற்றை உமிழ்நீரிலும் குடற்சளியிலும்கூடச் சுரக்கின்றனர். மிகுதி ஒருவர் சுரப்பதில்லை. வைரஸ் உடலுக்குள் நுழையும் வாசல்களான மூக்கும் தொண்டையும் குடலும்தான் இவை.

வைரஸ் பிடித்து ஏறும் கொழுக்கி

ஒரு வைரஸ் தனியே பெருக முடியாது. ஏதாவதொரு கலத்துக்குள் புக வேண்டும். புகுவதற்கு முதலில் அக்கலத்தின் மேற்பரப்பில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். சில வைரஸ்கள் பிடித்துக்கொள்வது எமது குருதி வகை அடையாளங்களையே.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பார்வோவைரஸ் பி19. லண்டனில் 1975 இல் ஈவொன் கொசார்ட் என்ற ஆய்வாளர் குருதி மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக அகப்பட்டது அது. பி தட்டில் 19 ஆவது மாதிரியில் இருந்ததால் அந்தப் பெயர். பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்து மேலில் தடிப்பு வரச் செய்யும் இந்த வைரஸ், செங்குழியங்களை உருவாக்கும் கலங்களில் உள்ள குளோபோசைட் என்ற பொருளைப் பிடித்தே உள்ளே போகிறது. ஏ, பி, ஓ முறையைப் போல இதுவும் ஒரு குருதி வகை அடையாளம். பிறப்பிலேயே இந்த அடையாளம் இல்லாத மிகச் சிலர் உலகில் இருக்கிறார்கள். அவர்களை இந்த வைரஸ் தொற்றுவதே இல்லை என்று 1994 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். கொழுக்கி மாட்ட வளையம் இல்லை, ஆகவே தொற்றும் இல்லை.

அடுத்தது நோரோவைரஸ். திடீர் வாந்தியும் வயிற்றோட்டமுமாக விடுதி, கப்பல், முகாம் என்று நெருக்கமான இடங்களில் பரவும் வைரஸ் இது. 2003 இல் வெளியான ஆய்வொன்றில், தாமாக முன்வந்தவர்களுக்கு நோரோவைரஸின் முதல் வகையைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். வெல்ல அடையாளத்தைக் குடலில் சுரக்காதவர்கள் ஒருவருக்கும் தொற்றவில்லை. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றோட்டத்தைக் கொடுக்கும் ரோட்டாவைரஸின் சில வகைகளும் இதேபோல ஆளைப் பார்த்தே பிடிக்கின்றன. ஆனால் இங்கே தீர்மானிப்பது நீங்கள் ஏயா பியா என்பது அல்ல, அடையாளத்தைச் சுரப்பவரா இல்லையா என்பதே. அது சாதாரணக் குருதி வகை அட்டையில் எழுதப்படுவதில்லை. தவிர, ஒரு வகை நோரோவைரஸ் தொற்றாதவருக்கு இன்னொரு வகை தொற்றலாம்.

ஆக, குருதி வகைக்கும் வைரஸுக்கும் தொடர்பு இருக்க முடியும் என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு வைரஸுக்கும் அது உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதுதான் சிக்கலான இடம்.

பெரியம்மைக் காலத்து வாக்குவாதம்

இந்தச் சிக்கல் எமது பிரதேசத்துக்குப் புதிதல்ல. பெரியம்மை இந்தியாவில் உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்த 1960களில் இதே கேள்வி எழுந்தது. பெரியம்மை வைரஸில் ஏ வகை அடையாளத்தை ஒத்த ஏதோ ஒன்று இருக்கிறது, ஆகவே ஏ-க்கு எதிரான பிறபொருளெதிரி இல்லாத ஏ, ஏபி வகையினரால் அதை எதிர்க்க முடியாது என்பது அப்போதிருந்த ஒரு கருத்து.

ஜேர்மனியைச் சேர்ந்த மரபியலாளர் பிரீட்ரிக் வோகலும் எம். ஆர். சக்கரவர்த்தியும் மேற்கு வங்காளம், பீகார் கிராமங்களில் நோயாளிகளையும் நோய் வராத அவர்களுடைய சகோதரர்களையும் ஒப்பிட்டனர். ஏ, ஏபி வகையினருக்கு நோய் கடுமையாக வந்ததாகவும் இறப்பும் கூடுதலாக இருந்ததாகவும் 1966 இல் எழுதினர். ஆனால் அதற்கு முந்திய ஆண்டே சென்னையிலிருந்து இன்னொரு முடிவு வெளியாகியிருந்தது. அங்குள்ள தொற்றுநோய் வைத்தியசாலையில் பெரியம்மை நோயாளிகளுடன் நீண்ட காலம் பணியாற்றிய வைத்தியர் ஏ. ஆர். ராவும், இங்கிலாந்தின் டவ்னி உள்ளிட்ட வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான அந்த ஆய்வில், நோய் வருவதற்கும் கடுமையாவதற்கும் குருதி வகையுடன் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை.

இரண்டில் எது சரி என்று தீர்ப்பதற்கு முன்பே பெரியம்மை போய்விட்டது. 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அதன் ஒழிப்பை அறிவித்தது. ஏ, பி, ஓ என்று பாராமல் எல்லோருக்கும் போடப்பட்ட அம்மைப்பாலும், நோயாளியைத் தேடிப்பிடித்துச் சுற்றியிருந்தோருக்கு ஊசி போட்ட முறையும்தான் அதைச் செய்தன. அம்மாள் வருத்தம் என்று சொல்லி, வேப்பிலை கட்டி, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்த தலைமுறைகளின் நோய் அது. இன்று பிள்ளைகளுக்கு வரும் கொப்புளிப்பான் வேறு வைரஸ்.

கொவிட்: கண்டறியப்பட்டது என்ன?

2003 இல் சார்ஸ் பரவியபோது ஹொங்கொங்கின் பிரின்ஸ் ஒவ் வேல்ஸ் வைத்தியசாலையில், முதல் நோயாளியுடன் பாதுகாப்பு அங்கி இல்லாமல் பழகிய ஊழியர்களில் ஓ வகையினருக்குக் குறைவாகவே தொற்றியது கவனிக்கப்பட்டது. ஆகவே 2020 இல் சார்ஸின் உறவுக்கார வைரஸ் வந்தபோது ஆய்வாளர்கள் உடனேயே குருதி வகையைப் பார்க்கத் தொடங்கினர்.

முதல் தகவல் 2020 மார்ச்சில் சீனாவின் வுஹானிலிருந்து வந்தது. அந்நகரப் பொதுமக்களில் நூற்றுக்கு 32 பேர் ஏ வகையினர். நோயாளிகளிலோ 38 பேர். பொதுமக்களில் 34 பேர் ஓ. நோயாளிகளில் 26 பேர் மட்டுமே. அதே ஆண்டு ஜூனில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஏழு வைத்தியசாலைகளில் மூச்சுவிட முடியாமல் கடுமையாக நோயுற்ற 1,980 பேரின் மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. முழு மரபணுத் தொகுதியிலும் இரண்டு இடங்களே தனித்துத் தெரிந்தன. அவற்றில் ஒன்று குருதி வகையைத் தீர்மானிக்கும் இடம். ஏ வகையினருக்கு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, ஓ வகையினருக்கு மூன்றிலொரு பங்கு குறைவு என்று அது கணித்தது. “ஓ என்றால் கொரோனா வராது” என்ற பேச்சு பிறந்தது இதிலிருந்துதான்.

ஆனால் அதற்குப் பின் வந்தவற்றை யாரும் அவ்வளவாகப் பகிரவில்லை. டென்மார்க்கில் குருதி வகை தெரிந்த 4 இலட்சத்து 73 ஆயிரம் பேரின் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார்கள். நாட்டு மக்களில் நூற்றுக்கு 41.7 பேர் ஓ. தொற்றியவர்களில் 38.4 பேர் ஓ. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். தொற்றியவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேலானவர்கள் ஓ வகையினரே. அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரை வைத்து 2021 இல் வெளியான ஆய்வில் குருதி வகைக்கும் கொவிட்டுக்கும் தொடர்பே காணப்படவில்லை.

ஓ வகையினருக்கு ஏன் சிறிது சாதகம் இருக்கலாம் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று குருதி உறைதல். ஓ அல்லாதவர்களின் குருதியில் உறைதலுக்கு உதவும் சில புரதங்கள் கூடுதலாக இருக்கும். கொவிட் குருதிக் கட்டிகளை உண்டாக்கும் நோய் என்பதால் இது முக்கியமாகலாம். மற்றையது பிறபொருளெதிரி. ஏ வகையினர் ஒருவரின் உடலில் பெருகும் வைரஸ் ஏ அடையாளத்தையும் பூசிக்கொண்டு வெளியே வரக்கூடும். அது ஓ வகையினர் ஒருவருக்குள் நுழையும்போது, அவரிடம் ஏற்கெனவே உள்ள ஏ-க்கு எதிரான பிறபொருளெதிரி அதை ஓரளவு மறிக்கும்.

இந்த இரண்டாவது விளக்கத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் கணவர் ஏ, மனைவி ஓ என்று வைத்துக்கொள்வோம். கணவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுவதற்குச் சிறிது தடை உண்டு. மனைவியிடமிருந்து கணவருக்குத் தொற்ற அந்தத் தடை இல்லை. இருவரும் ஓ என்றால் இரு பக்கமும் தடை இல்லை. பிரான்சில் தம்பதியரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வொன்றும் இதே திசையைக் காட்டியது. அதாவது பாதுகாப்பு உங்கள் குருதி வகையில் மட்டும் இல்லை, உங்களுக்கு யார் தொற்ற வைக்கிறார் என்பதிலும் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒருவர் அளவில் ஓ வகையாக இருக்கும் எமது ஊர்களில், ஓ வகையினருக்குத் தொற்ற வைப்பவரும் ஓ வகையினராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இத்தாலி, ஸ்பெயின் ஆய்வில் தெரிந்த மற்றைய இடம் மூன்றாவது நிறமூர்த்தத்தில் இருந்தது. எங்களைப் பொறுத்தவரை குருதி வகையைவிட முக்கியமானது அது. நியண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்த மரபணுத் துண்டு அது என்று சுவாந்தே பேபோவும் ஹூகோ சேபர்க்கும் 2020 இல் காட்டினர். தெற்காசியர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அது உண்டு. ஐரோப்பியர்களில் ஆறில் ஒருவரிடம் இருக்கிறது. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் உள்ள எமது உறவுகளுக்கும் இது பொருந்தும். ஆனாலும் வயது, நீரிழிவு, தடுப்பூசி போட்டாரா இல்லையா என்பவற்றின் கனத்துக்கு முன்னால் இதுவும் பின்னுக்குத்தான் நிற்கிறது. எழுபது வயதுடைய ஓ வகைக்காரரைவிட இருபது வயதுடைய ஏ வகைக்காரருக்கே ஆபத்து மிகக் குறைவு.

டெங்கு: எமக்கு அருகிலுள்ள ஆய்வு

கொவிட்டைவிட வடக்கில் ஆண்டுதோறும் திரும்பி வருவது டெங்குதான். 2017 இல் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். வடக்கில் வாடைக்காற்று மழையோடு, ஐப்பசி தொடங்கித் தை வரை அது கூடும்.

தாய்லாந்தின் பாங்கொக் சிறுவர் வைத்தியசாலையில் நடந்து 2007 இல் வெளியான ஆய்வு, இரண்டாவது முறை டெங்கு வரும் பிள்ளைகளில் ஏபி வகையினருக்கு நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடுதல் என்று கண்டது. 2018 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தினரும் பங்குகொண்ட ஆய்வொன்றும், ஏபி வகையினருக்கு டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம் என்றது. எமது நாட்டு நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்டதால் இதற்கு எமக்குத் தனி மதிப்பு உண்டு. அதேவேளை வைத்தியசாலைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. வேறு நாடுகளில் நடந்த சில ஆய்வுகள் இதற்கு ஒத்துவரவும் இல்லை.

சரி, ஏபி வகையினருக்கு ஆபத்து இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பிரதேசத்தில் 1,000 பேருக்கு டெங்கு வந்துவிட்டது என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். எமது விகிதப்படி அவர்களில் 60 பேர் ஏபி, 940 பேர் மற்றையோர். மற்றையோரில் நூற்றுக்கு 5 பேருக்கு நோய் கடுமையாகிறது என்றால் அது 47 பேர். ஏபி வகையினரில் அதன் இரண்டு மடங்கு, அதாவது நூற்றுக்கு 10 பேர் என்றால் அது 6 பேர். அவசர சிகிச்சைக் கட்டிலில் கிடக்கும் 53 பேரில் 47 பேர் ஏபி அல்லாதவர்கள். “என்ரை பிள்ளைக்கு ஏபி இல்லை, பயமில்லை” என்று இரண்டு நாள் வீட்டில் வைத்திருக்கும் தாயின் பிள்ளை இந்த 47 பேரில் ஒன்றாக இருக்கலாம். மறுபக்கம், ஏபி பிள்ளைகள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நோய் கடுமையாகவே இல்லை.

நுளம்பு பற்றியும் ஒரு பேச்சு உண்டு. “எனக்கு மட்டும் நுளம்பு கூடக் குத்துது, குருதி இனிப்புப் போல” என்பார்கள். 2004 இல் யப்பானில் நடந்த ஆய்வில், டெங்கைப் பரப்பும் இரண்டு நுளம்பு இனங்களில் ஒன்று ஏ வகையினரைவிட ஓ வகையினர் மீது கூடுதலாக வந்து அமர்ந்தது. உண்மையானால், ஓ வகையினருக்கு நுளம்புக்கடி கூட, நோய் கடுமையாவது குறைவு என்றாகிறது. இந்த மாதிரியான கணக்குகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எதையும் திட்டமிட முடியாது. ஆனால் நீர்த்தாங்கியை மூட முடியும். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் முட்டையிடும் என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டது. யாழ். குடாநாட்டுக் கரையோரத்தில் உவர்த்தன்மையுள்ள தண்ணீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களில் உடைந்த போத்தல், சிரட்டை, ரயர், கைவிடப்பட்ட வள்ளம், கிணறு எதையும் “உப்புத் தண்ணிதானே” என்று விட்டுவிட முடியாது.

காய்ச்சல் வந்தால் எந்தக் குருதி வகைக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான். நிறைக்கு ஏற்ற அளவில் பனடோல் மட்டும். அஸ்பிரின், புரூபன், டைக்ளோபெனாக் போன்றவற்றைத் தொடக்கூடாது. அவை குருதிப்பெருக்கைக் கூட்டும். மூன்றாம் நாளுக்குள் வைத்தியரைக் கண்டு முழுக் குருதிப் பரிசோதனை செய்விக்க வேண்டும். வயிற்று நோ, தொடர்ந்த வாந்தி, முரசிலோ மூக்கிலோ குருதி, சலம் குறைதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளைக்கு என்று பார்க்கக்கூடாது. காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சூடு குறைந்ததும் சுகம் என்று எண்ணிப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியவர்களும் உண்டு. துணுக்காயிலோ கொக்கிளாயிலோ இருப்பவர் இரவு ஓட்டோ தேடி மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நகரத்தில் இருப்பவரைவிட அரைநாள் முந்தியே புறப்பட வேண்டியவர் அவர்.

பிளேற்லெற் எனப்படும் சிறுதட்டுகள் குறைந்துவிட்டன என்று கேட்டவுடன் குருதி கொடுக்க ஆள் தேடி அலைவதும் வழக்கம். எண்ணிக்கை குறைந்தவர்கள் எல்லோருக்கும் சிறுதட்டு ஏற்றுவதில்லை. குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவதே டெங்கில் உயிராபத்து. அதற்கேற்ப உடலுக்குக் கொடுக்கும் திரவத்தை மணிக்கு மணி அளந்து கொடுப்பதுதான் சிகிச்சை. பப்பாசி இலைச் சாறு அதைச் செய்யாது.

குருதி வகை பாராமல் பரவியவை

எமது அண்மைய நினைவிலுள்ள பெரிய வைரஸ் பரவல்களில் இரண்டு 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் நடந்தன. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த கூடாரங்களில் கொப்புளிப்பான் பரவியது. பின்னர் செங்கமாரி பரவியது. அந்தச் செங்கமாரி, மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் வரும் ஹெபடைட்டிஸ் ஏ என்ற வைரஸ். பெயரில் ஏ இருந்தாலும் ஏ குருதி வகைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு கூடாரத்தில் எத்தனை குடும்பம், ஒரு மலசலகூடத்துக்கு எத்தனை பேர், கொதித்தாறிய தண்ணீருக்கு விறகு கிடைத்ததா என்பனவே அங்கே யாருக்கு நோய் வரும் என்று தீர்மானித்தன. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

வன்னிக் காய்ச்சல் என்று பெயரெடுத்த மலேரியாவையும் இங்கே சொல்ல வேண்டும். அது வைரஸ் அல்ல, ஓர் ஒட்டுண்ணி. குருதி வகையின் செல்வாக்கு மிக உறுதியாக நிறுவப்பட்ட நோய்களில் அது ஒன்று. கடுமையான மலேரியாவிலிருந்து ஓ வகையினருக்கு நல்ல பாதுகாப்பு உண்டு. தொற்றிய செங்குழியங்கள் ஓ வகைச் செங்குழியங்களுடன் அவ்வளவாக ஒட்டித் திரள்வதில்லை என்பதே காரணம். இருந்தும் இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானதற்கும், 2016 இல் நாடு மலேரியா அற்றதென்று சான்று பெற்றதற்கும் குருதி வகை காரணமல்ல. வீடு வீடாகக் குருதி குத்தி எடுத்துப் பார்த்தவர்கள், மருந்தடித்தவர்கள், வலை கொடுத்தவர்கள் காரணம்.

இதையெல்லாம் தாண்டி, “ஏ வகைக்கு மரக்கறி, ஓ வகைக்கு இறைச்சி, நோயே அண்டாது” என்று ஓடும் காணொளிகளுக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. 1996 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு விற்பனை நூலின் எச்சசொச்சம் அவை.

குருதி வகை அவசியமாகத் தெரிந்திருக்க வேண்டிய இடம்

வைரஸுக்காக அல்லாமல் வேறு காரணங்களுக்காக ஒவ்வொருவரும் தமது குருதி வகையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, தாய்மார். குருதி வகையோடு பொசிட்டிவ், நெகட்டிவ் என்று ஒட்டி வருவது றீசஸ் என்ற இன்னொரு அடையாளம். இலங்கையில் நூற்றுக்கு 5, 6 பேர் நெகட்டிவ். நெகட்டிவ் தாய்க்குப் பொசிட்டிவ் பிள்ளை பிறந்தால், அடுத்த பிள்ளையைத் தாயின் பிறபொருளெதிரியே தாக்கக்கூடும். பிள்ளை பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட்டால் இதைத் தடுக்கலாம். கரு கலைந்தாலும் அந்த ஊசி தேவை. கர்ப்பவதி கிளினிக்கில் முதல் நாளிலேயே குருதி வகை பார்ப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, கொடுப்பதற்கு. ஓ நெகட்டிவ் செங்குழியங்களை அவசரத்தில் எவருக்கும் ஏற்றலாம். ஆகவே அந்த வகையினர் குருதி வங்கிகளுக்கு அரியவர்கள். 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட ஆரோக்கியமானவர்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை குருதி கொடுக்கலாம். சிறுதட்டுகளை 5 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட, ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கொடுப்பது கூடப் பயன்படும். நினைவேந்தல் நாட்களில் குருதிக்கொடை நடத்தும் கழகங்கள் இதையும் கவனிக்கலாம். குருதி இல்லாமையின் விலை என்ன என்று புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கண்டவர்கள் நாங்கள். அங்கே சத்திரசிகிச்சைப் பொருட்கள் போவது கட்டுப்படுத்தப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கையும் பதிவு செய்திருக்கிறது.

மூன்றாவது, பெற்றுக்கொண்டவர்கள். குருதி வழியாகப் பரவும் வைரஸ்களுக்கு குருதி வகை ஒரு தடையே அல்ல. இன்று நாட்டில் கொடையாகக் கிடைக்கும் ஒவ்வொரு பைக் குருதியும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, கிரந்தி, மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்ட பின்பே ஏற்றப்படுகிறது. போரின் இறுதி மாதங்களில் காயப்பட்டு, எங்கே யாருடைய குருதி ஏற்றப்பட்டது என்று தெரியாமல் உயிர் தப்பியவர்கள் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. இவை பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமல் ஈரலில் தங்கியிருக்கக் கூடியவை. ஹெபடைட்டிஸ் சி-யை இன்று சில மாத மாத்திரைகளால் முற்றாகக் குணப்படுத்தலாம்.

இடப்பெயர்வில் கிளினிக் கொப்பிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் தொலைத்தவர்கள், அம்மா சொன்ன ஞாபகத்தில் “பி பொசிட்டிவ்” என்று அடையாள அட்டையோடு எழுதி வைத்திருப்பதைக் காண்கிறோம். ஞாபகம் பிழைக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளின் குருதி வங்கியில் ஒருமுறை குருதி கொடுத்தால் வகை குறிக்கப்பட்ட அட்டை கையில் கிடைக்கும். அந்த அட்டை இருந்தாலும், குருதி ஏற்ற வேண்டி வந்தால் வைத்தியசாலையில் மீண்டும் மாதிரி எடுத்துப் பார்த்து, ஏற்றப்போகும் பையோடு பொருத்திய பின்பே ஏற்றுவார்கள். “அட்டை இருக்கே, ஏன் திரும்பவும் குத்துறியள்?” என்று அப்போது தாதியரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.